இல்லாத கையின் வலி: வி. எஸ். ராமச்சந்திரனின் ஆய்வுப் பயணம்

(கீழ்புத்துப்பட்டில் பொதுமக்களும் மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கை போன ஒருவர், "போன கையில் விரல் வலிக்கிறது" என்கிறார். கால் போன ஒருவர், "நடுராத்திரியில் பாதம் எரிகிறது, பெருவிரல் முறுக்கிக்கொள்கிறது" என்கிறார். கேட்கிற நாம் என்ன சொல்கிறோம்? "அதான் காலே இல்லையே, அப்புறம் எப்படி வலிக்கும்? மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்கிறோம். அடுத்த முறை வலிக்கும்போது அவர் நம்மிடம் சொல்வதில்லை. வலி நிற்கவில்லை, பேச்சுதான் நின்றுபோனது.

இந்தக் கடற்கரைக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நம் ஊர் வழியாகப் போகிறது. அந்தச் சாலை விபத்துகளில் கை கால் இழந்தவர்கள் உண்டு. சர்க்கரை நோய் இருப்பது தெரியாமல் நாள் முழுக்க உப்பளத்துத் தண்ணீரில் நிற்கிற காலில் ஒரு சின்னக் காயம் பட்டால் போதும். ஆறாமல் புரையோடி, விரலில் தொடங்கி முழங்கால்வரை எடுக்க வேண்டி வரலாம். ஈழத்துப் போரிலிருந்து தப்பி வந்து மறுவாழ்வு முகாமில் இருக்கும் குடும்பங்களுக்கு ஷெல்லடியும் மிதிவெடியும் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படிப்பட்ட ஒரு வலியை நோயாளி சொன்னபடியே நம்பிக் கேட்டு, பிறகு அதைச் சோதனையில் வைத்துப் பார்த்த ஒரு தமிழரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நம்பிக் கேட்பது ஒன்று, சோதித்துப் பார்ப்பது ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் மனத்தையும் மூளையையும் பற்றிய அறிவு வளரும். அவருடைய ஆய்வு வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.

ஸ்டான்லியிலிருந்து சான் டியாகோ வரை

விளையனூர் சுப்ரமணியன் ராமச்சந்திரன் 1951-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்தார். இந்திய அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரன். தந்தை ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணியாற்றியதால் பள்ளிப் படிப்பு சென்னையிலும் பாங்காக்கிலுமாக நடந்தது. மருத்துவம் படித்தது வடசென்னையில், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில்.

ஸ்டான்லியில் மாணவராக இருந்தபோதே, 1972-இல், அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இரண்டு கண்களுக்கும் கொஞ்சம் மாறுபட்ட படங்களைக் காட்டினால் மூளை அவற்றைச் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறு நிற வடிகட்டியை வைத்து, நிறங்கள் ஒன்றோடொன்று மோதினாலும் அந்த ஆழம் தெரியுமா என்று அவர் பார்த்தார். தெரிந்தது. புள்ளிகள் நிறைந்த இரண்டு படங்கள், இரண்டு வடிகட்டிகள், ஒரு நல்ல கேள்வி: இவ்வளவுதான் அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டது. பெரிய ஆய்வகம் கிடைத்தால்தான் ஆராய்ச்சி என்று நினைக்கிற மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு கேம்பிரிட்ஜ். கணித மேதை ராமானுஜன் இருந்த அதே டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து 1978-இல் முனைவர் பட்டம் பெற்றார். பார்வை என்பது மூளை செய்யும் ஊகம் என்று சொல்லிவந்த ரிச்சர்ட் கிரிகரியின் தாக்கம் அவரிடம் ஆழமாக இருந்தது. அங்கிருந்து அமெரிக்காவின் கால்டெக் நிறுவனம். 1983 முதல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்தவை பெரும்பாலும் கண் பார்வை பற்றிய ஆய்வுகள். அவற்றில் ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். உப்பளத்து வரப்போரச் சேற்றில் பதிந்த கால்தடத்தைச் செல்போனில் படம் எடுங்கள். வெளிச்சம் படத்தின் மேல்பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி எடுக்க வேண்டும். எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளமாக இருந்த தடம் மேடாகத் தெரியும். படத்தில் எதுவும் மாறவில்லை. நிழல் மேலே இருந்தால் பள்ளம், கீழே இருந்தால் மேடு என்று மூளை முடிவுகட்டுகிறது. ஏனென்றால் சூரியன் ஒன்று, அது மேலே இருக்கிறது. அந்த ஒரே சூரியனுக்குக் கீழேதான் நம் கண்ணும் மூளையும் உருவாயின. நிழலிலிருந்து வடிவத்தை மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற இந்த ஆய்வை அவர் 1988-இல் வெளியிட்டார்.

கன்னத்தில் ஒரு கை

1990-களின் தொடக்கத்தில் அவர் கண்ணிலிருந்து கைக்கு வந்தார். உறுப்பு போன பிறகும் அது இருப்பதாக உணர்வது பழைய செய்தி. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் 1797-இல் டெனெரிஃப் சண்டையில் வலது கையை இழந்தார். இல்லாத விரல்கள் இல்லாத உள்ளங்கையில் குத்துவதை உணர்ந்தார் என்றும், ஆன்மா இருப்பதற்கு அதுவே சான்று என்று சொன்னார் என்றும் கூறுவார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் 1866-இல் இதை முதலில் தன் பெயர் போடாமல் ஒரு கதையாக வெளியிட்டார். 1871-இல்தான் மருத்துவராகத் தன் பெயரில் எழுதி அதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர் கொடுத்தார்.

நெடுங்காலம் மருத்துவர்கள் பலர் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: வெட்டுப்பட்ட முனையில் நரம்புகள் முடிச்சுப்போட்டு உறுத்துகின்றன. அந்த முனையை இன்னும் கொஞ்சம் வெட்டினால் சரியாகும் என்று மறுபடி மறுபடி அறுத்தார்கள். பலருக்கு வலி போகவில்லை.

ராமச்சந்திரன் முனையை விட்டுவிட்டு மூளையைப் பார்த்தார். கனடா நாட்டு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பில் மின்முனையால் தொட்டுத் தொட்டு, உடம்பின் எந்தப் பகுதிக்கு மூளையில் எந்த இடம் என்று வரைபடம் போட்டிருந்தார். அந்த வரைபடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கைக்கான இடத்துக்குப் பக்கத்தில் முகத்துக்கான இடம் இருக்கிறது. 1991-இல் டிமத்தி பான்ஸ் குழுவினர், பல ஆண்டுகளுக்கு முன் கையின் உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகளை ஆராய்ந்தபோது, முகத்தைத் தொட்டால் மூளையில் கைக்கான இடம் துடிப்பதைக் கண்டார்கள். குரங்கிடம் "உனக்கு எங்கே தொட்ட மாதிரி இருக்கிறது?" என்று கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாமே என்று ராமச்சந்திரனுக்குத் தோன்றியது.

விபத்தில் கையை இழந்து சில வாரங்களே ஆன ஓர் இளைஞரை உட்காரவைத்து, கண்ணைக் கட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் உடம்பின் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். "எங்கே படுகிறது?" என்பது மட்டுமே கேள்வி. கன்னத்தைத் தொட்டதும் இளைஞர், கன்னத்திலும் படுகிறது, இல்லாத கையின் கட்டைவிரலிலும் படுகிறது என்றார். மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். தாடையில் ஓரிடம் சுண்டுவிரல். கன்னத்தில் வெதுவெதுப்பான நீர் வழிந்தால், இல்லாத கையிலும் அது வழிந்து இறங்கியது. முகத்தின் மேல் ஒரு முழுக் கையின் வரைபடம் இருந்தது.

இதை உங்களுக்கு விளக்க உப்பளமே போதும். பாத்திக்குப் பாத்தி வரப்பு இருக்கிறது. ஒரு பாத்திக்குத் தண்ணீர் பாய்வது நின்று அது காய்ந்து கிடந்தால், பக்கத்துப் பாத்தியின் தண்ணீர் வரப்பில் கசிந்து அதற்குள் இறங்கும். கையின் பாத்திக்குச் செய்தி வருவது நின்றுவிட்டது. பக்கத்திலிருக்கும் முகத்தின் செய்தி அதற்குள் கசிந்தது. மூளையோ அதைக் கையிலிருந்து வந்த செய்தியாகவே படித்தது. ராமச்சந்திரன் கொடுத்த விளக்கம் இதுதான். வளர்ந்த மனிதரின் மூளை வரைபடம் மாறாது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய அதிர்வை உண்டாக்கியது.

கண்ணாடிப் பெட்டி

மாயக் கை உள்ளவர்களில் சிலருக்கு அந்தக் கை அசையும். சிலருக்கு அது மரத்துப்போய் ஒரே நிலையில் உறைந்து நிற்கும்; விரல்கள் இறுக மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துகிற மாதிரி வலிக்கும். திறக்க முயன்றாலும் திறக்காது. ராமச்சந்திரன் இப்படி யோசித்தார். கையை எடுப்பதற்கு முன்பே பலருக்கு நரம்பு அறுந்து கை செயலற்றுக் கிடந்திருக்கிறது. மூளை "அசை" என்று கட்டளை போடும். கண் பார்த்து "அசையவில்லை" என்று சொல்லும். இது மாதக்கணக்கில் தொடர்ந்தால், அசையாமையை மூளை கற்றுக்கொள்ளும். கை போன பிறகும் அந்தப் பாடம் மறக்காது. அப்படியானால் கண்ணைக் கொண்டே அந்தப் பாடத்தை மாற்ற முடியுமா?

ஒரு பெட்டி. மேல்மூடி இல்லை. நடுவில் செங்குத்தாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. முன்பக்கம் கை நுழைக்க இரண்டு துளைகள். நல்ல கையை ஒரு பக்கம் நுழைத்து, மாயக் கை மறுபக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். இழந்த கை திரும்பி வந்து உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். இப்போது இரண்டு கைகளையும் ஒன்றாக அசைக்கச் சொல்ல வேண்டும்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் தோளிலிருந்து கைக்கு வரும் நரம்புகள் அறுந்துபோன ஒருவர் வந்தார். ஓராண்டு கழித்து அந்தக் கையை எடுத்திருந்தார்கள். பத்து ஆண்டுகளாக அவருடைய மாயக் கை ஓர் அசைவும் இன்றி உறைந்திருந்தது. கண்ணாடியைப் பார்த்து நல்ல கையை அசைத்ததும் இல்லாத கை அசைவதை உணர்ந்து அவர் மகிழ்ந்துபோனார். கண்ணை மூடினால் அது மறுபடி உறைந்தது, திறந்தால் அசைந்தது. தொடர்ந்து பயிற்சி செய்ததில் அந்த மாயக் கையே மறைந்து, விரல்கள் மட்டும் தோளருகே மிஞ்சின.

இந்தச் சோதனையை 1995, 1996-ஆம் ஆண்டுகளில் அவரும் டயான் ரோஜர்ஸ் ராமச்சந்திரனும் வெளியிட்டார்கள். பத்துப் பேரைச் சோதித்ததில் ஆறு பேருக்கு மாயக் கை அசைந்தது. இறுகி மடங்கும் வலி இருந்த ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கண்ணாடியின் துணையால் விரல்கள் திறந்து வலி தணிந்தது. எல்லோருக்கும் பலித்தது என்று அவர்கள் எழுதவில்லை. எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று எண்ணி எழுதினார்கள்.

அம்மா மாதிரி இருப்பவர்

விபத்தில் தலையில் அடிபட்டு மீண்ட ஓர் இளைஞர், தன் தாயைப் பார்த்து "அம்மா மாதிரியே இருக்கிறார், ஆனால் அம்மா இல்லை" என்றார். அதே அம்மா தொலைபேசியில் பேசினால் சந்தேகமே வராது. இந்த நோய்க்குக் காப்கிராஸ் என்று பெயர். தாய்மீது உள்மனத்தில் கிடக்கும் ஏதோ ஆசையும் பகையும்தான் காரணம் என்று அதுவரை சிலர் விளக்கம் சொல்லியிருந்தார்கள்.

ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997-இல் வேறு வழியில் போனார்கள். நமக்கு வேண்டியவர் முகத்தைப் பார்த்தால் உள்ளங்கையில் மிகமிகச் சிறிதாக வியர்க்கும். தோலின் மின்கடத்தும் திறன் மாறும். அந்த இளைஞருக்கு அது மாறவில்லை. முகத்தை அடையாளம் காணும் பகுதி நன்றாக இருக்கிறது, பாசத்தை எழுப்பும் பகுதியும் நன்றாக இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே உள்ள பாதைதான் அறுந்திருக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். காதின் பாதை வேறு என்பதால் குரல் மட்டும் அம்மாவாகவே இருந்தது. பிள்ளைக்குத் தாய்மீது வெறுப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! சரியான விளக்கம் ஒரு குடும்பத்தின் மேல் விழுந்த பழியைத் துடைக்கும்.

மாணவர்களுக்காக இன்னொன்று. பலகையில் இரண்டு உருவங்கள் வரைகிறேன். ஒன்று மேகம் போல வளைவு வளைவாக இருக்கிறது. மற்றது உடைந்த கண்ணாடிச் சில்லு போலக் கூர் கூராக இருக்கிறது. ஒன்றின் பெயர் 'பூபா', மற்றதன் பெயர் 'கிகி'. எது எது? வளைந்ததுதான் பூபா என்று உங்களில் பெரும்பாலோர் சொல்லிவிட்டீர்கள். ராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் 2001-இல் எழுதிய கட்டுரையால் இந்தச் சோதனை உலகப் புகழ் பெற்றது. அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் இதில் ஒரே மாதிரி விடை சொன்னார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேல். காதும் கண்ணும் மூளைக்குள் பேசிக்கொள்கின்றன என்பதற்கும், மொழியின் பிறப்பில் அந்தப் பேச்சுக்குப் பங்கு இருக்கலாம் என்பதற்கும் இதை அவர்கள் தடயமாகக் காட்டினார்கள்.

2003-இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை அவர் ஆற்றினார். 2007-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது.

உரைகல்

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். அவருடைய கருத்துகளையும் மற்றவர்கள் உரைகல்லில் உரசிப் பார்த்தார்கள்.

2007-இல் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் மருத்துவமனையில் கால் இழந்த வீரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி. ஒரு குழுவுக்குத் துணியால் மூடிய கண்ணாடி. ஒரு குழு கண்ணை மூடி மனத்தில் மட்டும் காலை அசைத்தது. தினமும் 15 நிமிடம், நான்கு வாரம். குழுவுக்கு ஆறு பேர். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மற்ற இரு குழுக்களிலும் சிலருக்கு வலி கூடியது. 2018-இல் கம்போடியாவில் மிதிவெடியில் கால் இழந்த 45 பேரிடம் சோதித்தார்கள். கண்ணாடி, எஞ்சிய காலைத் தொட்டு வருடும் பயிற்சி, இரண்டும் சேர்ந்தது என்று மூன்று முறைகள். மூன்றிலும் வலி பாதிக்கும் மேல் குறைந்தது. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் அந்தக் குறைவு நிலைத்தது. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கும் கண்ணாடிப் பயிற்சி கை அசைவை ஓரளவு மீட்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மாய உறுப்பு வலிக்கான ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, எல்லா ஆய்வும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கசிவுக் கதைக்கும் சவால் வந்தது. தமார் மாக்கின் என்ற ஆய்வாளர் 2013 முதல், கை போன பிறகும் மூளையில் கையின் வரைபடம் அழியாமல் இருக்கிறது என்று காட்டிவருகிறார். 2025-இல் வெளியான ஆய்வில் அவரும் மற்றவர்களும் மூன்று பேரைக் கை எடுப்பதற்கு முன்பும், எடுத்துப் பல ஆண்டுகள் வரையும் தொடர்ந்து படம்பிடித்தார்கள். கையின் பாத்தி அப்படியே இருந்தது. உதட்டின் பாத்தி அதற்குள் பாயவில்லை. ஆக, வரப்பு நாம் நினைத்ததைவிட உறுதியானது. பஞ்சுக் குச்சி பட்டதும் இளைஞருக்குத் தோன்றிய உணர்வு பொய்யாகவில்லை. அதற்கான விளக்கத்தைத்தான் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

பிறர் செய்வதைப் பார்க்கும்போதே துடிக்கும் 'கண்ணாடி நரம்பணுக்கள்' உளவியலையே மாற்றிவிடும் என்று 2000-இல் ராமச்சந்திரன் பெரிய நம்பிக்கையோடு எழுதினார். ஆட்டிசத்துக்கு அவற்றின் பழுதே காரணம் என்றும் கருதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஒரு பெரிய விஞ்ஞானி சொன்னார் என்பதற்காக அறிவியல் எதையும் ஏற்றுக்கொள்ளாது. அவர் மேல் எனக்கிருக்கும் மதிப்பு இதனால் குறையவில்லை. தவறு என்று நிரூபிக்கக்கூடிய அளவுக்குத் தெளிவாகப் பேசுகிறவரால்தான் ஒரு துறை நகர்கிறது.

நாம் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், முகாமில், கை கால் இழந்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்: "போன இடத்தில் வலிக்கிறதா? எப்படி வலிக்கிறது? எரிகிறதா, முறுக்குகிறதா, எந்த நேரத்தில் அதிகம்?" உறுப்பு இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த வலி உண்டு. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் சொல்வதில்லை. போரில் கால் இழந்து பல ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்தவருக்கு, "இதற்குப் பெயர் இருக்கிறது, இது மூளையில் நடப்பது, உலகம் முழுக்க இருக்கிறது" என்ற மூன்று செய்திகளே பெரிய ஆறுதல்.

அடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. வருகிறவரிடம் கண்ணாடிப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். செய்முறை எளிது. கால் என்றால் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு தொடைகளுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை நிற்க வைக்க வேண்டும். பளபளப்பான பக்கம் நல்ல காலைப் பார்த்திருக்க வேண்டும். எஞ்சிய கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். பாதத்தை மெல்ல நீட்டி, மடக்கி, விரல்களை விரித்து, இரண்டு கால்களும் அசைவதாக எண்ணிப் பிம்பத்தையே பார்க்க வேண்டும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், சில வாரங்கள். சிலருக்குத் தலைசுற்றும், சிலருக்கு இழந்த காலைப் பார்த்ததும் அழுகை வரும். அதனால் முதல் சில முறை பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பது நல்லது. இரண்டு காலும் போனவருக்கு இந்த வழி உதவாது. அவருக்கு மருந்தும் வேறு பயிற்சிகளும் உண்டு. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டு யாரும் கண்ணாடிக்கு மாற வேண்டாம்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். மனத்தையும் மூளையையும் பற்றிப் படிக்க வாருங்கள். உப்பளத்து வெயிலில் வெள்ளைப் பரப்பைப் பார்த்துப் பார்த்துக் கூசும் கண்ணுக்கு என்ன ஆகிறது? கடலில் திசை அறியும் மீனவரின் மூளை எந்தக் குறிப்புகளைக் கொண்டு கரையைக் கண்டுபிடிக்கிறது? சொந்த ஊரை இழந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலானவர் கனவில் ஏன் அந்த வீட்டின் வாசற்படி மாறாமல் வருகிறது? இவையெல்லாம் ஆய்வுக்கு ஏற்ற கேள்விகள். இவற்றை எழுப்ப உங்களைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை, ஏனென்றால் பதில் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள், கேட்டதை அப்படியே எழுதிவையுங்கள், பிறகு அதைச் சோதிக்க ஒரு வழி தேடுங்கள். ஸ்டான்லி மாணவர் ஒருவர் இரண்டு வடிகட்டிகளைக் கொண்டு செய்ததைக் கீழ்புத்துப்பட்டு மாணவராலும் செய்ய முடியும் என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.